கரிசல் மண்ணில் காயம் பட்டால்



கோவில்பட்டிப் பக்கம் கைகாலில் காயம் படாதவர் யார்? கதிர் அறுக்கையில் அரிவாள் விரலைச் சீவிவிடும். அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டை வெறுங்காலில் ஏறும். விறகுக்குப் போனால் சீமைக்கருவேல முள். பிள்ளைகளுக்கு முழங்கால் சிராய்ப்பு ஆறுமுன் அடுத்தது வந்துவிடும். இவற்றில் பெரும்பாலானதை வீட்டிலேயே ஆற்றிவிடலாம். ஆனால் மண்ணைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

ரணஜன்னிக் கிருமி இருப்பது மண்ணிலும் ஆடுமாடுகளின் சாணத்திலும்தான். 1884-ல் ஜெர்மனியில் நிக்கோலாயர் என்பவர் மண்ணை எடுத்துப் பிராணிகளின் உடம்பில் செலுத்தியே இந்த ஜன்னியை வரவழைத்துக் காட்டினார். வெயிலில் காய்ந்தாலும் இக்கிருமியின் வித்து சாகாது. காற்றுப் புகாத ஆழத்தில் முளைத்துப் பெருகும். ஆகவே ரத்தம் கொட்டுகிற வெட்டைவிட, ஒரு சொட்டும் வராத முள் குத்து இந்த விஷயத்தில் பொல்லாதது. துருப்பிடிச்ச ஆணியென்றால் பயப்படுகிறோமே, பயப்பட வேண்டியது துருவுக்கு அல்ல, ஆணியில் ஒட்டிய மண்ணுக்கு.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நின்னுருச்சா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். பார்த்தால் மறுபடி வரும்.

அப்புறம் கழுவ வேண்டும். தண்ணிக்குத் தவிக்கிற ஊர்தான் நம்முடையது. ஆனாலும் காயத்துக்குச் சிக்கனம் வேண்டாம். கண்மாய்த் தண்ணீரை விட்டு, குடிக்கிற குடத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். கரிசல் மண் பசைபோல் ஒட்டும்; சோப்புப் போட்டு, மண் முழுக்கப் போகும்வரை கழுவுங்கள். பிள்ளை கத்தத்தான் செய்யும். கழுவியபின் துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, நூலாம்படை, மண்ணெண்ணெய், சாணிச்சாம்பல் எதுவும் வேண்டாம். "எங்க அப்பத்தா காலத்திலிருந்து வைக்கிறோம்" என்பீர்கள். ஆறியவர்கள் அதனால் ஆறவில்லை, அதையும் மீறி ஆறினார்கள்.

இனி ஊசி. சிராய்ப்புக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை. சிறுவயதுத் தடுப்பூசிகளைச் சரியாகப் போட்டவருக்கு, மண் புகுந்த காயமோ ஆழமான குத்தோ பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தால் ஒன்று தேவை. சுத்தமான சிறு காயத்துக்கு 10 வருஷக் கணக்கு. சரிவரப் போடாதவர்களும் ஞாபகமில்லாதவர்களும் யோசிக்காமல் போய்விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டும், பிரசவத்தைச் சுத்தமாகப் பார்த்தும் வந்ததால்தான் தாய்க்கும் பச்சைப்பிள்ளைக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மண்ணிலுள்ள கிருமி மட்டும் எங்கேயும் போய்விடவில்லை.

வாய் பிளந்து நிற்கும் வெட்டு, அழுத்தியும் நிற்காத ரத்தம், உள்ளே ஒடிந்த முள் ஆகியவற்றுக்கு அன்றைக்கே கோவில்பட்டி அரசு மருத்துவமனை. சர்க்கரை வியாதிக்காரர் காலில் சின்னக் காயத்தையும் காட்டிவிட வேண்டும். புண் சிவந்து தெறித்தாலோ, சீழ் வைத்தாலோ, நெறி கட்டிக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. புண் ஆறிப் பல நாள் கழித்துத் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போனால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாய்க்கடி இந்தக் கணக்கில் சேராது. 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.