அழித்தலும் ஆக்கமே

நுழையும்முன்

உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் ஆக்கமும் அழிவும் இடையறாது நிகழ்கின்றன. புரதங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை ஆர்வத்துடன் ஆராய்ந்த அறிவியல், அவை எவ்வாறு அழிகின்றன என்பதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. பலர் கேட்க மறந்த அவ்வினா, புற்றுநோய் மருத்துவத்தில் புதிய வழியொன்றைத் திறந்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஓர் ஊரின் வளத்தை அறிய விரும்புவோர் அதன் வயல்களையும் கடைவீதியையும் காண்பர். குப்பை சேரும் இடத்தைக் காண்போர் அரியர். ஆயினும், தூய்மைப் பணியாளர்கள் ஒரு வாரம் பணிக்கு வாராவிடில் அவ்வூர் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் அத்தகைய ஓர் ஊரே. அங்கு உழைப்பவை புரதங்கள். உணவைச் செரிக்கும் நொதிகள், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள், செல் பிரிய வேண்டிய காலத்தை உணர்த்தும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் ஆகிய யாவும் இவற்றுள் அடங்கும்.

இப்புரதங்களுள் சில பல நாள்கள் நிலைத்திருக்கும். சிலவற்றின் வாழ்நாள் சில நிமிடங்களே. செல்லைப் பிரியத் தூண்டும் புரதம் தன் பணி முடிந்தபின்னும் அழியாதிருந்தால், செல் கட்டுப்பாடின்றிப் பெருகும். ஆகவே, உரிய புரதத்தை உரிய காலத்தில் அழிப்பது உயிர்வாழ்வின் இன்றியமையாத பணியாகும்.

முத்திரையும் ஆலையும்

நாம் உண்ணும் புரதத்தைக் குடலிலுள்ள நொதிகள் செல்லின் ஆற்றலைச் செலவிடாமலேயே சிதைக்கின்றன. ஆனால், செல் தன் சொந்தப் புரதத்தைச் சிதைக்கும்போது மட்டும் ஆற்றலைச் செலவிடுகிறது. ஒன்றைக் கட்டுவதற்கு ஆற்றல் வேண்டும். இடிப்பதற்கும் ஏன் வேண்டும்? இப்புதிரை இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சிக்கனோவர் ஆகியோரும், அமெரிக்காவைச் சேர்ந்த இர்வின் ரோஸ் என்பவரும் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டறிந்த விடை எளிமையானது. செல் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக அழிப்பதில்லை. அழிக்கத்தக்கது எது எனத் தேர்ந்தெடுத்து அழிக்கிறது. அத்தேர்வுக்கும், தேர்ந்தவற்றைப் பிரித்துச் சிதைப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது.

இத்தேர்வின் அடையாளமாக விளங்குவது யுபிக்விட்டின் என்னும் 76 அமினோ அமிலங்களாலான சிறு புரதம். அழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது மூவகை நொதிகள் அடுத்தடுத்துச் செயற்பட்டு, யுபிக்விட்டினைச் சங்கிலிபோல் கோத்து முத்திரை இடுகின்றன. இவற்றுள் மூன்றாம் வகை நொதியே எந்தப் புரதத்திற்கு முத்திரை இடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. மனித உடலில் இவ்வகை நொதிகள் அறுநூறுக்கும் மேற்பட்டவை உள்ளன. முத்திரை பெற்ற புரதம் புரோட்டியசோம் என்னும் ஆலையைச் சென்றடைகிறது. வளையத்திற்கு ஏழு துணைப்புரதங்கள் வீதம் நான்கு வளையங்களை அடுக்கினாற்போன்ற பீப்பாய் வடிவம் கொண்டது அதன் நடுப்பகுதி. அதனுள் நுழையும் புரதம் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. முத்திரையோ கழற்றப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. இக்கண்டுபிடிப்பிற்காக மூவருக்கும் 2004ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறை தவறான கைகளில் சிக்கினால் கேடு விளையும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், செல்லின் முத்திரை நொதியொன்றைத் திசைதிருப்பி, புற்றுநோயைத் தடுக்கும் காவலனாகிய பி53 என்னும் புரதத்தை அழிக்கச் செய்கிறது. காவலன் மறைந்தபின் கட்டுப்பாடற்ற பெருக்கத்திற்கு வழி திறக்கிறது.

ஆலையை அடைத்தல்

நோய் பயன்படுத்தும் வழியை மருத்துவமும் பயன்படுத்தலாகாதா? இவ்வினாவிற்கான முதல் விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் கோல்ட்பர்க், நோயுற்றோரின் தசைகள் மெலிவதைத் தடுக்கும் நோக்குடன் புரோட்டியசோமைத் தடுக்கும் பொருள்களைத் தேடினார். அத்தேடலின் வழியில் போரான் அணுவைக் கொண்ட போர்ட்டெசோமிப் என்னும் மருந்து உருவாயிற்று. அது புரோட்டியசோமின் வெட்டும் பகுதியில் பொருந்தி அதன் பணியைத் தடுத்தது.

அம்மருந்து பெரும்பயன் அளித்தது தசை மெலிவில் அன்று; மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில். எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பிளாஸ்மா செல்கள் புற்றாக மாறுவதே இந்நோய். இச்செல்கள் இரவுபகலாகப் புரதங்களை உற்பத்தி செய்கின்றன. உற்பத்தி மிகுந்த இடத்தில் கழிவும் மிகும் அன்றோ? ஆலை அடைபட்டதும் பழுதான புரதங்கள் குவிந்து, அச்சுமையைத் தாங்கவியலாமல் புற்றுச்செல்கள் மடிகின்றன. அளவான சுமையுடைய இயல்பான செல்களோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் இம்மருந்திற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. பலரின் வாழ்நாளை இது நீட்டித்தது. எனினும், கைகால் நரம்புகளில் மரமரப்பும் வலியும் ஏற்படுதல், நாளடைவில் புற்றுச்செல்கள் மருந்திற்குப் பணியாமை ஆகிய குறைகளும் இதற்கு உண்டு.

நஞ்சாகி மருந்தானது

இரண்டாம் வழியின் தொடக்கம் ஒரு பெருந்துயரம். 1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் குமட்டலைத் தணிக்க அதனை உட்கொண்டனர். பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளர்ச்சியின்றியும் பிற குறைகளுடனும் பிறந்தனர். அவர்களுள் பலர் மழலைப் பருவத்திலேயே மாண்டனர். 1961ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் மருந்து ஒப்புதல் அலுவலராயிருந்த ஃபிரான்சஸ் கெல்சி, பாதுகாப்பிற்குப் போதிய சான்றில்லை எனக்கூறி ஒப்புதல் தர மறுத்தமையால் அந்நாடு பேரிழப்பிலிருந்து தப்பியது.

பல்லாண்டுகளுக்குப் பின்னர், அதே மருந்து மைலோமா நோயாளிகளுக்குப் பயன் தருவது கண்டறியப்பட்டது. ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. 2010ஆம் ஆண்டு ஜப்பானில் ஹிரோஷி ஹண்டா தலைமையிலான ஆய்வுக்குழு, தாலிடோமைடு செரிப்ளான் என்னும் புரதத்துடன் இணைவதைக் கண்டறிந்தது. முத்திரை இடும் நொதித் தொகுதியின் ஓர் உறுப்பே செரிப்ளான். மருந்து பொருந்தியதும் அத்தொகுதி, தான் வழக்கமாகத் தீண்டாத புரதங்களுக்கும் முத்திரை இடத் தொடங்குகிறது. தாலிடோமைடும் அதன் வழிவந்த லெனலிடோமைடும் மைலோமா செல்கள் சார்ந்து வாழும் இகாரோஸ், அயோலோஸ் என்னும் புரதங்களை இவ்வாறு அழிக்கின்றன. கருவின் உறுப்பு வளர்ச்சிக்குத் தேவையான எஸ்ஏஎல்எல்4 என்னும் புரதமும் தாலிடோமைடால் இவ்வாறே அழிக்கப்படுவது 2018ஆம் ஆண்டு வெளிப்பட்டது. கருவைச் சிதைத்ததும் நோயாளியைக் காத்ததும் ஒரே செயல்முறை. இதனாலேயே இன்றும் இம்மருந்துகள் மிகக் கடுமையான கட்டுப்பாடுகளுடன் வழங்கப்படுகின்றன.

இணைத்து விலகும் மூலக்கூறு

தற்செயலாய் நிகழ்ந்ததைத் திட்டமிட்டு நிகழ்த்த இயலுமா? கிரெய்க் குரூஸ், ரேமண்ட் டெஷேஸ் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்களும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிகாட்டினர். புரோட்டாக் எனப்படும் அவர்களின் மூலக்கூறு இரு முனைகளை உடையது. ஒரு முனை நோய்க்குக் காரணமான புரதத்தைப் பற்றும். மறுமுனை முத்திரை நொதியைப் பற்றும். திருமணத் தரகர் இரு வீட்டாரையும் இணைத்துவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்வதுபோல, இம்மூலக்கூறும் இரண்டையும் அருகில் சேர்த்துவிட்டு விலகி அடுத்த புரதத்தை நாடும். ஆகவே, ஒரு மூலக்கூறு பல புரதங்களை அழிக்கவல்லது. வழக்கமான மருந்துகள் புரதத்தின் செயல்மிகு பகுதியை அடைத்தாக வேண்டும். இதற்கோ புரதத்தின் ஏதேனும் ஓரிடத்தைப் பற்றினால் போதும். 2019ஆம் ஆண்டு முதல் புற்றுநோயாளிகளிடம் இம்முறை ஆய்வு செய்யப்பட்டு வருகிறது.

பயன் அறியாது விற்கப்பட்ட மருந்து பிஞ்சு உயிர்களை வாட்டியது. பின்னாளில் அதுவே பிறருக்குத் துணையானது; ஏன் என்பது அதன் செயல்முறை அறியப்பட்டபின்னரே விளங்கியது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் அம்மூலக்கூறு மாறவில்லை. மாறியது நம் அறிவு. செல்லின் குப்பை எங்கே செல்கிறது என்று கேட்ட சிலரின் வினா, அவ்வறிவிற்கு வித்திட்டது. சிறு வினாவையும் இகழாதிருத்தல் அறிவியலின் பண்பு. விடை தெளியுமுன் மாந்தர்மீது அதனைச் சோதியாதிருத்தல் அதன் அறம்.