ஈரமுள்ள உயிர்களும் நம் கடமையும்

உயிருள்ள ஒவ்வோர் உடலும் ஓயாது எரியும் ஓர் அடுப்பேயாகும். உண்ட உணவு ஆற்றலாக மாறும்போதெல்லாம் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கின்றது. அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குமாயின், சில மணி நேரத்தில் உயிர் பிரிந்துவிடும். ஆயினும் மனிதனின் உடல் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸிலும், நாயின் உடல் 38 முதல் 39 டிகிரியிலும், கோழியின் உடல் 41 டிகிரியை ஒட்டியும் நிலைபெற்றிருக்கின்றன. மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் இந்த அளவு பெரிதும் பிறழ்வதில்லை. இத்துணை நுட்பமான ஏற்பாடு தானே அமைந்துவிடுமா? சிந்திப்போர் சிந்திக்கட்டும்!

காற்று உடலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, வெப்பம் தோலின் வழியே தானாக வெளியேறிவிடும். ஆனால் காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை விஞ்சிவிட்டால் நிலைமை தலைகீழாகின்றது. வெளியிலுள்ள வெப்பமும் உள்ளே புகத் தொடங்குகின்றது. அப்போது எஞ்சியிருப்பது ஒரே வழிதான். உடலின் நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீர் உடலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. அதே ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டியது 100 கலோரியே என்பதை எண்ணினால், ஒரு துளி வியர்வையின் மதிப்பு விளங்கும்.

எனவே, வெயிலில் உயிர்வாழ்வதற்குக் கொடுக்கப்படும் விலை தண்ணீரே. தண்ணீரே இல்லாத பாலைவனத்தில் வாழும் பிராணி என்ன செய்யும்?

ஒட்டகம் படைக்கப்பட்ட விதத்தை நோக்குமாறு திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயம் மனிதனை அழைக்கின்றது. நார்வேயில் பிறந்த உடலியல் அறிஞர் நட் ஸ்மிட்-நீல்சனும் அவர்தம் துணைவியார் போடிலும் 1953, 1954ஆம் ஆண்டுகளில் அல்ஜீரிய சகாராவிலுள்ள பெனி அப்பாஸ் என்னும் சோலையில் தங்கி ஒட்டகத்தை ஆராய்ந்தனர். அதன் திமிலில் இருப்பது தண்ணீரன்று, கொழுப்பே. தண்ணீர் கிடைக்காதபோது ஒட்டகம் வியர்வையைச் சிக்கனப்படுத்துகின்றது. விடியற்காலையில் ஏறத்தாழ 34 டிகிரியாக இருக்கும் அதன் உடல், பகல் முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறி 40 டிகிரியைக் கடக்கின்றது. மனிதனுக்குக் கடுங்காய்ச்சலாகக்கூடிய அந்த வெப்பத்தை அது சுமந்திருந்து, இரவின் குளிர்காற்றில் செலவின்றி வெளியேற்றிவிடுகின்றது. இதனால் பெரிய ஒட்டகமொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீரை மிச்சப்படுத்துகின்றது. அதன் அடர்ந்த உரோமமும் வெயிலைத் தடுக்கும் போர்வையே; உரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம் ஒன்றரை மடங்கு நீரை இழந்ததையும் அவ்வறிஞர்கள் கண்டனர்.

ஆயினும் சிக்கனம் வேறு, தேவையின்மை வேறு. தாகித்த ஒட்டகம் நீர்நிலையை அடைந்ததும் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 100 லிட்டர் வரை குடித்துவிடக் கூடியது. கடன் ஒத்திவைக்கப்பட்டதேயன்றித் தள்ளுபடி செய்யப்படவில்லை.

நாய்க்கோ அத்தகைய ஒத்திவைப்பும் இல்லை. அதன் உடலைக் குளிர்விக்கப் போதுமான வியர்வைச் சுரப்பிகள் அதற்கில்லை. பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும். ஆகவே அது நாவைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 300 முறைக்கும் மேலாக மூச்சு வாங்குகின்றது. அக்காற்று நாவிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலுமுள்ள ஈரத்தை ஆவியாக்கி, அங்கு ஓடும் இரத்தத்தைக் குளிர்விக்கின்றது. ஈரம் தீர்ந்தால் அந்த வழியும் அடைபடும். உடல் 41 டிகிரியைக் கடந்தால் அதன் உயிருக்கே ஆபத்து.

இதை அறிந்த பின், நாம் பலமுறை கேட்ட ஒரு நிகழ்ச்சி புதிய பொருளுடன் விளங்குகின்றது. தாகத்தால் நாவைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிய நாயைக் கண்ட ஒருவர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீரை முகந்து, அதை வாயால் கவ்வியவாறு மேலேறி வந்து அதற்குப் புகட்டினார்; இறைவன் அவரை மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கால்நடைகளின் விஷயத்திலும் நற்கூலி உண்டா என்று தோழர்கள் வினவியபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்னும் கருத்தில் விடையளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. உயிருள்ளவை என்பதைக் குறிக்க அரபு மூலத்தில் ஈரலின் ஈரத்தைச் சுட்டும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஈரம் உள்ளவரைதான் உயிர்!

காட்டு விலங்கு நிழலையும் நீரையும் தானே தேடிக்கொள்ளும். நாம் கட்டிப்போட்ட ஆட்டுக்கும் கூண்டிலடைத்த கோழிக்கும் அந்த உரிமை இல்லை. அவற்றின் உலகம் கயிற்றின் நீளமே. பூனையை அடைத்துவைத்து, உணவும் நீரும் கொடாமலும், தானே இரை தேட விடாமலும் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற எச்சரிக்கையும் நம்முன் உள்ளது.

எனவே பெருநாளுக்கென ஆட்டை வாங்கி வருவோர், அறுக்கும் நாள்வரை அதை வெயிலில் கட்டிவைப்பதும், நெருக்கியடித்த வண்டியில் நண்பகலில் ஏற்றி வருவதும் தகுமா? நாயின் வாயை இறுகக் கட்டி வெயிலில் நிறுத்துவது, அதன் ஒரே குளிர்ச்சி வாயிலை அடைப்பதாகும். வண்டிமாட்டுக்கு உச்சி வேளையில் ஓய்வும், கட்டுத்தறிக்கு நிழலும், எட்டும் தூரத்தில் நிறையத் தண்ணீரும் தருவது பெருஞ்செலவன்று. வாய்திறந்து கேட்க இயலாத பிராணி, வாய்திறந்து மூச்சு வாங்குவதையே அதன் கோரிக்கையாகக் கொள்வோமாக!

வாயில்லா உயிர்களின் உரிமையை உணர்ந்து நடக்கும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக!