மலைச் சாலைக்கு ஏற்ற இழுவை வண்டி



சில மாதங்களுக்கு முன் என் தமக்கையின் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். மனைவியும் இரு பிள்ளைகளுமாகப் பாடசாலை விடுமுறை முழுவதையும் நுவரெலியாப் பக்கத்தில் கூடாரமடித்துக் கழிப்பது அவன் எண்ணம். கூடாரத்துக்குப் பதிலாக, காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் உறங்கு வண்டி ஒன்றை வாங்க விரும்பினான். ஆங்கிலேயர் இதனைக் கேரவன் என்பர். பதினாறடி நீளம், உள்ளே நான்கு படுக்கை, அடுப்பு, குளியலறை, நூறு லீற்றர் தண்ணீர்த் தொட்டி. "மாமா, வீட்டையே கொண்டுபோகலாம்" என்றான். "வீட்டைக் கொண்டுபோவதற்கா, தம்பி, வீட்டை விட்டுப் புறப்படுகிறாய்?" என்று கேட்டேன்.

இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கேரவன் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுவது, 1885ஆம் ஆண்டில் வைத்தியர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் இங்கிலாந்தில் செய்வித்த 'வாண்டரர்' என்னும் வண்டியாகும். அதன் எடை ஏறத்தாழ இரண்டு தொன். இரண்டு குதிரைகள் அதனை இழுத்தன. அதே 1885இலேதான் நமது புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. அதற்கு முன் இம்மலைக்கு வந்த பாரமெல்லாம் பெரும்பாலும் மாட்டு வண்டியிலும் மனிதர் தலையிலும் ஏறியவையே. 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கருடைய குதிரை வண்டி, றம்பொடைக் கணவாய் வழியில் பள்ளத்தில் உருண்டது. ஓட்டியவன் உயிர் தப்பினான். அன்று தொட்டு இன்றுவரை, இந்த மலையில் வண்டியைத் தேர்பவர் முதலிற் பார்க்கவேண்டியது சாலையைத்தான். வண்டிக்குள்ளே என்னென்ன வசதி என்பது அதன் பின் வரும் கேள்வி.

கணக்கு எளிது. பத்தடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றத்தில், ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள இழுவை வண்டி ஏறத்தாழ நூறு கிலோகிராம் பளுவுக்கு ஒப்பான விசையோடு காரைப் பின்னோக்கி இழுக்கும். இறங்கும்போது அதே விசை காரை முன்னோக்கித் தள்ளும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று ஐதானது. ஆதலின் சாதாரண பெற்றோல் இயந்திரம் கொழும்பிற் காட்டும் வலுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழந்துவிடுகிறது. ஏற முடியாத வண்டி வழியில் நின்றுபோகும்; அதனால் வெட்கமேயன்றி வேறு கேடில்லை. இறக்கத்தில் நிற்காத வண்டியே அஞ்சத்தக்கது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவை அடுத்த ரதல்ல குறுக்கு வீதியில், மாணவரை ஏற்றிவந்த சுற்றுலாப் பேருந்தொன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டி ஒன்றுடனும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். அந்தச் சரிவைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து வரும்படி மருமகனை அனுப்பினேன். திரும்பி வந்தபோது குளியலறையைப் பற்றி அவன் பேசவில்லை.

பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது கொழுந்து லொறி ஓட்டிய பழைய சாரதிகளின் விதி. இழுவை வண்டிக்கும் அதுவே பொருந்தும். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறைக்கு உரிய இழுவை வண்டிகளுக்குச் சொந்த பிரேக் கட்டாயம். நம் மலைக்கோ, அதனிலும் குறைந்த எடைக்குங்கூட பிரேக் இருப்பது நன்று என்பேன்.

எவ்வளவு எடை பொருந்தும்? பழக்கமில்லாத ஓட்டுநர், காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேற்படாத வண்டியையே இழுக்க வேண்டுமென இங்கிலாந்தில் அறிவுரை கூறுவர். அது அந்நாட்டுச் சாலைகளுக்கான அளவு. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பாதிக்கு மேல் வேண்டாம் என்பது என் துணிபு. ஆயிரம் கிலோ காருக்கு, பொருள்கள் யாவும் ஏற்றிய நிலையில் ஐந்நூறு கிலோ. விற்பவர் சொல்வது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்துவிடுகிறோம். நூறு லீற்றர்த் தொட்டியை நிரப்பினால் பருத்த ஆள் ஒருவரை ஏற்றியதற்கு ஒப்பாகும். ஊற்றும் ஓடையும் நிறைந்த நாட்டுக்குத் தண்ணீரைச் சுமந்து வருவானேன்? இருபது லீற்றர்க் கலன் போதும், காய்ச்சிக் குடிக்கலாம். மற்றொன்று, இழுப்பதற்கே உரியனவல்ல என்று தயாரிப்பாளர் குறித்துள்ள சிறு கார்கள் பல உண்டு. காரின் கைந்நூலை முதலிற் படியுங்கள்.

கொண்டையூசி வளைவுகளில் நீண்ட வண்டிக்கு வேறொரு தொல்லை உண்டு. இழுவை வண்டியின் சில்லுகள் காரின் சில்லுகள் சென்ற தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும். நம் சாலைகளில் அந்த உட்புறத்திலேதான் வடிகான் இருக்கும். பத்தடிக்கு உட்பட்ட குறுவண்டியானால் இத்தொல்லை குறைவு. எதிரே பேருந்து வந்தாலோ, மண் சரிந்து வழி அடைபட்டாலோ, கொளுவியைக் கழற்றி இருவர் கையாலேயே திருப்பிவிடலாம்.

குறுவண்டியில் நால்வர் எப்படி உறங்குவது என்று மருமகன் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் பிறந்தது லயனில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் நாங்கள் ஏழு பேர். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இன்றும் அவ்வாறு வாழ்வோர் உளர் என்பது நமக்கு வெட்கம். ஆனால் எந்தப் பொருளின்றி ஒரு குடும்பம் நடக்கும், எதுவின்றி நடக்காது என்பதை என் தாயார் அறிந்திருந்தார். கம்பளியும் உலர்ந்த விறகும் மழை ஒழுகாத கூரையும் அவர் பட்டியலின் முதலில் நிற்பவை. பிள்ளைகள் வண்டிக்குள் உறங்கட்டும். பெரியவர்களுக்குப் பக்கத்தில் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டினால் ஆயிற்று.

குளிரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தை, மாசி இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழுவதுண்டு. பியூட்டேன் மட்டும் அடைத்த சிறு வாயுக் கலன் அக்குளிரில் எரிய மறுக்கும். புரொப்பேன் கலந்தது எரியும். குளிர் தாங்காமல் கரிச்சட்டியை வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும். கரியிலிருந்து எழும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, உறங்குபவர் எழுவதில்லை. எவ்வளவு குளிராயினும் காற்று வழி ஒன்று திறந்தே இருக்கவேண்டும்.

நிறுத்தும் இடத்தைப் பற்றியும் மருமகனுக்குச் சொன்னேன். தோட்டத்துக்குள் நிறுத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஹோட்டன் சமவெளியில் தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் மலைநாட்டில் எத்தனை சரிவுகள் இடிந்தன என்பது நமக்குத் தெரியும். வெட்டிய மண்சரிவின் அடியிலும் ஓடைக் கரையிலும், காட்சி எவ்வளவு அழகாயினும், இரவில் நிறுத்தலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணமே வேண்டாம்.

கடைசியில் மருமகன் வாங்கியது ஒன்பதடி வண்டி. பொருள்களை ஏற்றிவிட்டு, குளியலறையில் எடை பார்க்கும் தராசை அதன் மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தான். மூக்கின் பாரம் மொத்த எடையில் பத்திலொரு பங்களவு இருந்தால் வண்டி நேராக ஓடும். மிகக் குறைந்தால் வால் ஆடும். நானூறு கிலோ வண்டிக்குத் தராசு பதினொரு கிலோ காட்டியது. பின்பக்கம் திறந்து பார்த்தோம். அச்சுக்குப் பின்னால் இரண்டு மூட்டை அரிசி, ஒரு அம்மிக்கல். அம்மியை வைத்தவள் என் தமக்கை. அரிசியை முன்னுக்கு மாற்றினோம். அம்மி என் வீட்டில் இருக்கிறது.