உஷார்! ஆப் சொல்லும் 1200

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் முதலில் இந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். மற்றவர்கள் காத்திருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர், "நாளையிலிருந்து டயட்" என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால், உள்ளே போன மருந்து அதற்காக வேலையை நிறுத்தாது. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவை மனத்தில் வைத்துத்தான் டாக்டர் அந்த டோஸை எழுதியிருக்கிறார். சோறு பாதியாகி மாத்திரை மட்டும் முழுசாக இருந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே சரியும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். தூக்கத்தில் இப்படி ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போடுகிறவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வரும். அவர்கள் 'கீட்டோ' என்று சோறு, இட்லியை அடியோடு விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏற இடமுண்டு. அந்த நேரத்தில் சர்க்கரை பெரிதாகக் கூடாமலே இருக்கலாம் என்பதால் வீட்டு மீட்டர் காட்டிக்கொடுக்காது. வயது, உயரம், எடை மூன்றையும் கேட்கும் ஆப், நீங்கள் போடும் மாத்திரையைப் பெரும்பாலும் கேட்பதில்லை. டோஸைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தாதீர்கள்.

நடுக்கம் வந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இத்தனை பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்தே இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில் நம் குமரி மாவட்டத்துக் குளச்சல் பக்கம் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். இணையத்தில் பார்த்துவிட்டுப் பல வாரங்களாகப் பழச்சாறு மட்டுமே குடித்துவந்தான் என்று செய்திகள் சொல்லின. இரண்டு வீட்டிலும் பிள்ளை டயட் இருப்பது தெரிந்திருக்கும். 'உடம்பைப் பார்த்துக்கொள்கிறது, நல்லதுதானே' என்றுதான் எந்த வீட்டிலும் முதலில் நினைப்பார்கள்.

இப்போது அந்த 1200-க்கு வருவோம். போனில் கலோரி ஆப்பை இறக்கி, வாரம் ஒரு கிலோ குறைய வேண்டும் என்று தட்டினால், பெரும்பாலான பெண்களுக்கு வந்து நிற்கும் எண் இதுதான். எங்கிருந்து வருகிறது? 155 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை, 35 வயது உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1990-இல் வெளியான மிஃப்ளின் சூத்திரப்படி, அவர் நாள் முழுக்கக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாலே சுமார் 1230 கலோரி வேண்டும். இதயம் துடிக்க, மூச்சு விட, மூளை வேலை செய்ய ஆகும் செலவு அது. வீட்டு வேலை, ஆபீஸ், கொஞ்சம் நடை என்று சேர்த்தால் 1700-ஐ நெருங்கும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. வாரம் ஒரு கிலோ என்றால் தினம் 1100 கழிய வேண்டும். 1700-இல் 1100 போனால் மிச்சம் 600. அதைத் திரையில் காட்டினால் வம்பு என்பதால்தான் பல ஆப்கள் பெண்களுக்கு 1200-க்குக் கீழே இறங்குவதில்லை. அதாவது 1200 என்பது இதற்குமேல் இறங்கக் கூடாது என்று போட்ட தடுப்பு. நம் ஆட்கள் அதை இலக்காக எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு 900-லயே முடிச்சுட்டேன்" என்று பெருமைப்படுகிறார்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே பேசுகிறது. எடை குறைக்கும் உணவு நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது, வாரம் அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கிறது. நான் மேலே சொன்ன பெண்ணுக்கு அரைக் கிலோவே அதிகம் என்பேன். கால் கிலோ என்று வைத்தால் தினம் 275 கழித்தால் போதும். அவர் 1400-க்கு மேல் வயிறாரச் சாப்பிடலாம்.

அரை வயிற்றுச் சாப்பாடு என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று கண்டறிவதற்கான சோதனை. மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் உணவைப் பாதியாக்கினார்கள். நாளுக்குச் சுமார் 1570 கலோரி, கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு போனது. போனது அது மட்டுமில்லை. கோடையிலும் குளிர்ந்தது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது, சிரிப்பு மறைந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் சமையல் புத்தகங்களை வாங்கிப் படித்தார்கள். சோதனை முடிந்து தட்டு நிறையச் சோறு கிடைத்த பிறகும் பலருக்கு அந்தப் பசி அடங்கப் பல மாதம் ஆனது. அவர்கள் நம்மைவிட உயரமான ஆண்கள், நிறைய நடந்தவர்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்த விஞ்ஞானிகள் அரைப்பட்டினி என்று பெயர் வைத்தது 1570-க்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த உஷார், திரையில் தெரியும் எண்கள் மீது. ஆப்பில் 'சாம்பார் ஒரு கப்' என்று தேடிப் பாருங்கள். பத்து விதமாக வரும். பல ஆப்களில் அவை யாரோ ஒருவர் தன் வீட்டுச் சாம்பாருக்குப் போட்ட கணக்குகள். மாமியார் வைக்கும் பருப்பு மிதக்கும் சாம்பாரும், மெஸ்ஸில் ஊற்றும் மஞ்சள் தண்ணீரும் அங்கே ஒரே பெயரில் இருக்கும். போட்டோ எடுத்தால் கலோரி சொல்கிறேன் என்று இப்போது வந்திருப்பவை இன்னும் மோசம். வெண்பொங்கலைப் படம் எடுத்தால் முந்திரி தெரியும், உள்ளே இறங்கிய நெய் தெரியுமா?

அரிசியில் இன்னொரு குழி. 100 கிராம் பச்சரிசியில் சுமார் 350 கலோரி. வேகவைத்தால் தண்ணீர் சேர்ந்து அது ஏறக்குறைய 300 கிராம் சோறாகிவிடும். எனவே 100 கிராம் சோற்றில் 120, 130 கலோரிதான். தட்டில் 300 கிராம் சோற்றை எடை போட்டு, ஆப்பில் 'அரிசி' என்று பதிந்தால் 1000 கலோரி சாப்பிட்டதாகக் காட்டும். பயந்துபோய் மறுநாள் பாதி வயிற்றோடு எழுந்துவிடுவீர்கள். அப்படியே திருப்பி, அரிசியை அளந்துவிட்டுச் 'சோறு' என்று பதிந்தால், "நான் ஒன்றுமே சாப்பிடவில்லையே, எடை ஏன் குறையவில்லை" என்ற புலம்பல்தான். நம்பகமான அடிப்படை வேண்டுமென்றால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை இருக்கிறது. 528 பொருட்கள். பெரும்பாலும் சமைக்காத பொருட்கள் என்பதையும், ஆற்றல் அதில் கிலோஜூலில் தரப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். 4.184-ஆல் வகுத்தால்தான் கலோரி. அது தெரியாமல் அரிசிக்கு நேரே 1491 என்ற எண்ணைப் பார்த்து மூர்ச்சையாகிவிடாதீர்கள்.

பாக்கெட்டின் பின்பக்கமும் அப்படித்தான். ஒரு மிக்சர் பாக்கெட் 180 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு பரிமாறலுக்கு 160 கலோரி' என்று போட்டிருக்கும். பரிமாறல் என்றால் 30 கிராம், ஒரு கைப்பிடி. சீரியல் முடிவதற்குள் பாக்கெட் முடிந்தால் கணக்கு 960. அச்சடித்த எண்ணும் துல்லியமில்லை. அமெரிக்காவில்கூட லேபிளில் சொன்னதைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடியிருந்தால் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

நாமும் சரியாக எழுதுவதில்லை. எவ்வளவு டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 1992-இல் வெளியிட்டார்கள். தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைத்ததை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, நினைவு அப்படி. கையில் கட்டும் வாட்ச் இதைச் சரிசெய்யும் என்று நம்ப வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தது. நாடித்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. எரித்த கலோரியில், இருந்ததிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். 'நானூறு எரித்துவிட்டேன்' என்று வாட்ச்சைப் பார்த்துவிட்டு இரண்டு வடையை உள்ளே தள்ளுகிறவர்களுக்கு இது போதும்.

கணக்கே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் போனைவிட மளிகைக் கடைச் சீட்டு நன்றாகக் கணக்குச் சொல்லும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் ஓடுகிறது என்றால், தலைக்கு ஒரு லிட்டர். எடையில் சுமார் 915 கிராம், கிராமுக்கு 9 கலோரி, மொத்தம் 8200-க்கு மேல். தினக் கணக்கில் ஆளுக்கு 270. அதே வீட்டில் மூன்று கிலோ சர்க்கரை ஆனால் ஆளுக்குத் தினம் 100. எண்ணெயைப் பாதியாக்கி, காபி, டீயில் சர்க்கரையை விட்டாலே 235 கலோரி கழிந்துவிடும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்ட 275-க்கு மிக அருகில் வந்துவிட்டோம். ஒரு இட்லியைக்கூடக் குறைக்கவில்லை. யாரும் பட்டினி கிடக்கவில்லை, வீடு முழுக்கச் சேர்ந்து இளைக்கும்.

மிச்சம் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9. மதுவுக்கு 7 (இதைச் சொன்னால் சில ஆண்கள் பேச்சை மாற்றுவார்கள்). முதல் வாரத்தில் மடமடவென்று இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அதன்பின் எடை நின்றுபோவது இயற்கை. உடம்பு சிறியதானால் செலவும் குறையும். அந்த இடத்தில்தான் பலர் மிரண்டு 1200-ஐ 800 ஆக்குகிறார்கள். பித்தப்பையில் கல், கொத்துக்கொத்தாக முடி உதிர்வது, தசை கரைவது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும்.

தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். 60 கிலோ எடைக்கு நாளுக்கு 50 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20-ஐ ஒட்டி, ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7. சோறும் ரசமுமாக 1200-க்குள் சுருக்கினால் இந்த 50-ஐ எட்டவே முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு அதிக எடை. அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பருமனாக இருப்பவருக்கும் சத்துக் குறை இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அவரிடம் போய்ச் 'சாப்பாட்டைக் குறை' என்று மட்டும் சொல்வது கொடுமை.

இந்த இடத்தில் டப்பாவோடு ஒருவர் வருவார். 'கோச்' என்பார், மூலிகை என்பார், பக்கவிளைவே இல்லை என்பார். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, இதயத்தைப் பாதிக்கிறது என்று 2010-இல் அமெரிக்காவிலும் 2011-இல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'இயற்கை' என்று விற்ற எத்தனையோ எடைகுறைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் அது கலந்திருந்ததை அமெரிக்க அதிகாரிகள் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். லேபிளில் இருக்காது. பசி சுத்தமாக மறைந்து, நெஞ்சு படபடக்கிறது என்றால் டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தாங்களாகக் கலோரியைக் குறைக்கவே கூடாது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் நழுவுவது, ஒரு நாளில் பலமுறை எடை மெஷினில் ஏறுவது, சாப்பிட்டதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்வது, மாதவிடாய் நின்றுபோவது, எப்போதும் குளிர்கிறது என்று சொல்வது, இவற்றில் எது தெரிந்தாலும் கட்டுப்பாடான பிள்ளை என்று மெச்சாதீர்கள். உணவுக் கோளாறு உள்ள 105 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பிரபலமான ஒரு கலோரி ஆப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். திட்டாமல், போனைப் பிடுங்காமல், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம். மனம் சம்பந்தப்பட்டதாகத் தோன்றினால் 14416. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள், தமிழிலேயே பேசலாம்.