பேச்சு போனாலும் போகாத வசவு

பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளியை எல்லோரும் ‘டான்’ என்றே கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ‘டான், டான்’தான். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரியும். கையசைத்துப் பதில் சொல்லவும் தெரியும். நாவில்தான் வேறு சொல் எழாது. ஆனால் தாம் காட்டும் சைகை எதிரே இருப்பவருக்கு விளங்காவிட்டால் கோபம் தலைக்கேறும். அப்போது மட்டும் ‘சாக்ரே நோம் த தியூ’ என்று ஒரு வசவு வந்து விழும்.

1861இல் அவர் இறந்ததும் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பால் புரோகா, இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். பேச்சுக்கென்று மூளையில் ஓர் இடம் உண்டு என்பதற்கு அது பெரிய சான்றானது. அந்த இடத்துக்கு இன்றும் புரோகாவின் பெயர்தான். எனக்கென்னவோ, சிதைவுக்குத் தப்பிய அந்த வசவுதான் கூடுதல் சுவாரசியம்.

ஐந்து ஆண்டு கழித்து, 1866இல், கவிஞர் போதலேர் பெல்ஜியத்தில் வாதத்தில் விழுந்தார். பிரெஞ்சுக் கவிதையின் போக்கையே மாற்றியவருக்குக் கடைசியில் மிஞ்சியது ‘க்ரே நோம்’. டானின் வசவேதான், கொஞ்சம் நறுக்கப்பட்டு. மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரிகள் அதைக் கேட்டு ஆடிப்போனார்கள்.

‘இறைவனின் புனிதப் பெயர்’ என்பதுதான் அந்த வசவின் பொருள்! நீதிமன்றத்தில் கடவுள் பெயரைச் சொன்னால் சத்தியம்; ஆத்திரத்தில் இழுத்தால் நிந்தனை. ஆங்கிலத்தில் சத்தியம் செய்வதற்கும் கெட்ட வார்த்தை பேசுவதற்கும் ‘ஸ்வேர்’ என்ற ஒரே வினைச்சொல் நிற்பதும் இந்த வழியில்தான். 1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுன் தண்டம் என்று சட்டம் போட்டது. ‘ஒத்தெல்லோ’வின் 1622 பதிப்பில் இருந்த, கடவுள்மீது ஆணையிடும் சொற்கள் பல, 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இல்லை.

விலக்கப்பட்ட சொல்லுக்கு மூளைக்குள் வேறு வழி இருக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது சொற்களைத் தேடி எடுத்துக் கோக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அந்த வேலை இடப்பாதி மூளையைச் சேர்ந்தது. வசவை யாரும் கோப்பதில்லை. முழுசாக அப்படியே வெளியே குதிக்கிறது. உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா, பழக்கச் செயல்களை நடத்தும் பேசல் கேங்லியா, வலப்பாதி மூளை ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடப்பக்கம் அடிபட்டாலும் இது தப்புவது அதனால்தான்.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. மாணவர்கள் பனிநீரில் கையை வைத்துக்கொண்டு, ஒரு முறை தங்களுக்குப் பழகிய வசவையும் மறுமுறை மேசையை வர்ணிக்கும் ஒரு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வசவின்போது கூடுதல் நேரம் தாங்கினார்கள், நாடியும் வேகமெடுத்தது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குரிய இக்நோபல் பரிசு, அதுவும் சமாதானத்துக்கான பரிசு, 2010இல் இதற்குக் கிடைத்தது!

பிறகு ‘ஃபவுச்’, ‘ட்விஸ்பைப்’ என்று புது வசவுகளைக் கற்பனையாகச் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். வலி கொஞ்சமும் அசையவில்லை. ஒலி காரமாக இருந்தால் போதாது. சிறுவயதிலிருந்து ‘அதைச் சொல்லாதே’ என்று யாராவது அதட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது. நாள் முழுக்கத் திட்டித் தீர்ப்பவர்களுக்கோ பழைய வசவும் அவ்வளவாக உதவவில்லை.