எண்பத்திரண்டு வயதில் மீண்டும் மேடையேறிய ஆல்பர்ட்டா ஹன்டர்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் உழைப்பிலும் வழிபாட்டிலும் வேரூன்றி வளர்ந்த ப்ளூஸ் இசையில், முதல் அடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வது பெருவழக்கு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அவற்றுக்குரிய இடத்திலிருந்து சற்றே இறக்கி வளைத்துப் பாடுவதால் அவ்விசைக்குத் தனித்த ஏக்கச் சாயல் ஏற்படுகிறது. இலக்கணம் இவ்வளவு எளிமையாக இருப்பதால், பாடகரின் திறமை முழுவதும் சொல்லை எங்கே நிறுத்துகிறார், எங்கே தாளத்தை விட்டுச் சற்றுப் பிந்தி வருகிறார் என்பவற்றில்தான் வெளிப்படுகிறது. குரல் முதிர்வது இந்தக் கலையில் இழப்பாகத்தான் முடிய வேண்டும் என்பதில்லை என்பதற்கு ஆல்பர்ட்டா ஹன்டரின் கடைசி ஏழு ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1895இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்த ஹன்டர், சிறுமியாக இருக்கும்போதே சிகாகோவுக்குச் சென்று, அங்குள்ள இரவு விடுதிகளில் பாடிப் பெயர் பெற்றார். லவி ஆஸ்டினுடன் சேர்ந்து அவர் இயற்றிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ என்ற பாடலை 1922இல் அவரே பாடிப் பதிவுசெய்தார். மறு ஆண்டு அதே பாடல் கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டில் பெஸ்ஸி ஸ்மித்தின் குரலில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. 1928இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் பால் ராப்சனுடன் ‘ஷோ போட்’ இசை நாடகத்தில் நடித்ததும், இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காகப் பல நாடுகளில் பாடியதும் அவருடைய முற்பகுதி வாழ்வின் சிறப்புகள்.

1950களின் நடுவில் தாயை இழந்த ஹன்டர் மேடையைத் துறந்து செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது அறுபதை எட்டியிருந்த அவர், அந்த வயதில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் வயதில் 12 ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னார். நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றுத் தீவில் இருந்த கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில், நாட்பட்ட நோயாளிகளிடையே, சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். இடையில் 1961இல் செய்த சில பதிவுகளைத் தவிர இசையுலகில் அவர் பெயரே கேட்கவில்லை. 1977இல், எழுபது வயது நிறைந்துவிட்டதாகக் கருதி மருத்துவமனை அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, அவருடைய உண்மையான வயது 82.

அதே ஆண்டில் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் அவர் பாடியதன் தொடர்ச்சியாக, கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ‘தி குக்கரி’ என்ற உணவகத்தை நடத்திவந்த பார்னி ஜோசப்சன் அவரை அழைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து இசை கேட்பதற்கென்றே 1938இல் ‘கஃபே சொசைட்டி’ விடுதியைத் தொடங்கியவர் இந்த ஜோசப்சன். சில வாரங்களுக்கென்று செய்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பியானோ கலைஞர் ஜெரால்ட் குக்கின் துணையோடு, காதில் பெரிய வளையங்கள் அசைய, தொடையில் தட்டித் தாளமிட்டபடி ஹன்டர் பாடுவார். இளமையில் மெலிந்து உயர்ந்து ஒலித்த குரல் இப்போது தாழ்ந்து கரகரத்திருந்தது. நீண்ட கார்வைகளுக்கு மூச்சு இடங்கொடுக்காதபோது அவர் சொல்லைச் சட்டென்று முடித்து, அந்த இடைவெளியைப் பியானோவுக்கு விட்டுவிடுவார். மூச்சின் குறையே இவ்வாறு பாட்டின் அழகாக மாறியது. ஆண் பெண் உறவைச் சமையலறை, வீட்டுவேலை முதலிய சொற்களில் மறைத்துப் பேசும் சிலேடைப் பாடல்கள் ப்ளூஸ் மரபில் ஏராளம். இளம்பாடகியரின் வாயில் வெறும் துடுக்காக ஒலிக்கக்கூடிய அவை, அந்த மூதாட்டி ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரித்துப் பாடியபோது, வாழ்ந்து பார்த்தவரின் துணிச்சலோடு ஒலித்தன. பழைய புகழின் மீது கொண்ட இரக்கத்தால் கிடைத்த வரவேற்பு இது என்று ஒதுக்குவது அநியாயம்.

பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவை 1933இல் தயாரித்த ஜான் ஹாம்மண்ட், இப்போது ஹன்டரைக் கொலம்பியா நிறுவனத்துக்கு அழைத்துவந்தார். 1978இல் வெளிவந்த ‘ரிமெம்பர் மை நேம்’ என்ற திரைப்படத்துக்கான பாடல்களையும், 1980இல் ‘ஆம்ட்ராக் ப்ளூஸ்’ தொகுப்பையும், அதன்பின் மேலும் இரு தொகுப்புகளையும் அவர் பாடினார். 1984 அக்டோபரில், 89 வயதில், நியூயார்க்கில் காலமானார்.

1922இல் பாடிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாடலை அந்தத் திரைப்படத்துக்காக அவர் மீண்டும் பாடியிருக்கிறார். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கூம்புக்குழாயை நோக்கிப் பாடிய முதல் பதிவையும், 56 ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பதிவையும் இசை விரும்பிகள் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். இரண்டில் பின்னதே உயர்ந்தது.