கொடையும் நஞ்சும்

ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர் ஜெர்மனி நாட்டுக் கடையொன்றில் 'கிஃப்ட்' என்று எழுதிய புட்டியைக் கண்டால், அதனை மகிழ்ச்சியோடு கையில் எடுத்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் அன்பளிப்பைக் குறிக்கும் அச்சொல் ஜெர்மன் மொழியில் நஞ்சைக் குறிக்கும். எலிமருந்துக்கு அங்கே 'ராட்டன்கிஃப்ட்' என்று பெயர். சுவீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளில் வியப்பு இன்னும் மிகும். அந்நாட்டு மொழிகளில் அதே எழுத்துகளால் ஆன சொல் 'நஞ்சு' என்றும் பொருள்படும்; 'திருமணமானவர்' என்றும் பொருள்படும். இதனை வைத்து அந்நாட்டவர் நகையாடுவதும் உண்டு.

இம்மொழிகள் அனைத்தும் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஒரே குடும்ப மொழிகளில் ஒன்றுபோல் எழுதப்படும் சொற்களெல்லாம் உறவுடையவை அல்ல. ஆங்கிலத்தில் 'தீய' என்று பொருள்படும் 'பேட்' என்னும் சொல்லை எழுதும் அதே மூன்று எழுத்துகளால் ஜெர்மானியர் 'குளியல்' என்னும் சொல்லை எழுதுகின்றனர். இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து தோன்றியவை, எழுத்தொற்றுமை தற்செயலானது.

'கிஃப்ட்' அவ்வாறன்று. தமிழில் 'கொடு' என்னும் வினையிலிருந்து 'கொடை' பிறந்ததுபோல, 'கொடு' எனப் பொருள்படும் பழைய ஜெர்மானிய வினையிலிருந்து பிறந்தது இச்சொல். அவ்வினையே இன்று ஆங்கிலத்தில் 'கிவ்' என்றும் ஜெர்மனில் 'கேபன்' என்றும் வழங்குகிறது. எனவே எல்லா மொழிகளிலும் இச்சொல்லின் முதற்பொருள் 'கொடுக்கப்படுவது' என்பதே. எதனைக் கொடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிந்தன.

கொடை நஞ்சானதற்குக் காரணம் மருத்துவம். கிரேக்க மொழியில் 'கொடுத்தல்' என்று பொருள்படும் 'டோசிஸ்' என்னும் சொல்லை மருத்துவர்கள், நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவைக் குறிக்கப் பயன்படுத்தினர். இலத்தீன் வழியாக அவ்வழக்கு ஜெர்மானியரை அடைந்தபோது, அவர்கள் அதனைத் தம் மொழியில் 'கிஃப்ட்' என்று பெயர்த்துக்கொண்டனர். ஒருவர் உண்ணும்படி கொடுக்கப்படுவது நலம் தருவதாகவும் இருக்கலாம், உயிரைப் பறிப்பதாகவும் இருக்கலாம் அல்லவா? கொடியதை நேரே கூறத் தயங்கியோர் 'கொடுக்கப்பட்டது' என்று மறைத்துக் கூறினர். 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என்றும் 'சுடுகாடு' என்பதை 'நன்காடு' என்றும் கூறுவதைத் தமிழ் இலக்கணம் மங்கலம் என்று வகுத்துள்ளது, இதுவும் அத்தகையதே. எலியைக் கொல்லும் நஞ்சைத் தமிழர் எலிமருந்து என்றும், பூச்சியைக் கொல்வதைப் பூச்சிமருந்து என்றும் அழைப்பதை எண்ணிப் பார்த்தால் ஜெர்மானியரின் வழக்கு விந்தையாகத் தோன்றாது.

நஞ்சுக்கு அவர்களிடம் முன்பே வேறொரு பழஞ்சொல் இருந்தது. ஐஸ்லாந்து மொழியில் அது 'எய்துர்' என்னும் வடிவில் இன்றும் நஞ்சையே குறிக்கிறது. ஜெர்மனிலோ அதன் இனச்சொல்லான 'ஐட்டர்' இப்போது புண்ணில் வடியும் சீழுக்கு மட்டுமே உரியது.

திருமணப் பொருளுக்கு வேர், மணமகளைக் கொடுக்கும் வழக்கத்தில் உள்ளது. 'பெண் கொடுத்தல்' என்னும் தொடர் தமிழிலும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருளைக் குறித்தது. அதன் பன்மை வடிவம் திருமணத்தையே குறித்தது. அக்காலத்தில் அதன் முதலொலி யகரமாக இருந்தது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழித் தாக்கத்தால்தான் இன்றைய ககர ஒலியும் 'அன்பளிப்பு' என்னும் பொதுப்பொருளும் நிலைபெற்றன. சுவீடனில் 'கொடுக்கப்பட்டவள்' என்ற பொருளில் தொடங்கிய சொல் இன்று ஆண், பெண் இருவருக்கும் வழங்குகிறது. நஞ்சு என்னும் பொருளோ அங்கு வட ஜெர்மனியின் வழக்கிலிருந்து பின்னர் வந்து சேர்ந்தது. பிரிந்துசென்ற உடன்பிறப்பு அயலாராய்த் திரும்பி வந்து அதே வீட்டில் தங்கியதற்கு இது ஒப்பாகும். ஜெர்மன் மொழியும் பழம்பொருளை முற்றும் இழந்துவிடவில்லை. மணமகளுடன் அனுப்பப்படும் சீர்ப்பொருளுக்கு அங்கு 'மிட்கிஃப்ட்' என்று பெயர். 'உடன்கொடை' என்பது அதன் நேர்ப்பொருள்.

டச்சு மொழியினர் இக்குழப்பத்தை ஓர் எழுத்தால் தீர்த்துக்கொண்டனர். கொடைக்கு இறுதி டகரத்தை வைத்துக்கொண்டு, நஞ்சுக்கு அதனை நீக்கிவிட்டனர். ஆயினும் 'நச்சுத்தன்மையுள்ள' என்று கூற வேண்டிய இடத்தில் நீக்கிய டகரம் இன்றும் அப்படியே ஒலிக்கிறது.